கோரையோடைக்கு ஏழு புள்ளி

தியாகலிங்கத்தின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் நல்ல தடித்த தாளில் வந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கணக்குச் செய்யும் இந்த 1994ஆம் ஆண்டில், இத்தனை பொருளாதாரத் தடையையும் தாண்டி அப்படியொரு தாள் யாழ்ப்பாணத்துக்குள் எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. செத்தவருக்கு மரியாதை என்று வந்துவிட்டால் நமக்கு எல்லாம் கிடைத்துவிடும். அவர் உயிரோடு இருந்தபோதுதான் ஒன்றும் கிடைக்கவில்லை.

மலரைத் திறந்தால் தேவாரம். அதன்பின் வம்சாவளி. அதன்பின் இரங்கலுரைகள். முதலாவது உரை இறுப்பிட்டி முன்னேற்றச் சங்கத்தின் முன்னாள் தலைவர் அம்பலவாணர் எழுதியது. அவரும் எங்கள் எல்லோரையும் போலப் புங்குடுதீவை விட்டு ஓடிவந்தவர்தான். இப்போது கொக்குவிலில் ஒரு சாய்மனைக் கதிரையில் படுத்திருக்கிறார். படுத்தபடியே எழுதியிருக்கிறார்: "கோரையோடையின் குறுக்கே வீதி கண்ட விற்பன்னர் மறைந்தார். அவர் தந்த பாதையில் எங்கள் ஊர் என்றும் நடக்கும்."

செத்தவரைப்பற்றிப் பொய் சொல்லலாம். அது நம்முடைய பண்பாடு. குடித்து அழிந்தவரைக் கொடைவள்ளல் என்போம், தம்பியின் காணியைப் பிடித்தவரைச் சகோதர பாசத்தின் சிகரம் என்போம். ஆனால் ஒரு மனிதர் பட்டப்பகலில், ஊர் பார்த்திருக்க, தன் கையால் வெட்டி உடைத்த வீதியை அவரே கட்டினார் என்று எழுதி அவருடைய நெஞ்சின்மேல் ஏற்றுவது பண்பாடு அல்ல. அது பழிவாங்கல். அவர் எழுந்துவந்து மறுக்கமாட்டார் என்ற துணிவில் செய்யும் பழிவாங்கல். ஆகவே அந்த வீதியின் கதையை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. இது மெல்லிய தாள்தான். பாதகமில்லை.

தியாகலிங்கம் புங்குடுதீவின் இறுப்பிட்டியில் பிறந்தவர். வாலிபத்தில் மாமனின் கடையில் நிற்பதற்கு நுவரெலியாவுக்குப் போனார். நிற்க முடியவில்லை. அவருடைய கோபம் நிற்க விடவில்லை. நிறுவையில் விரலை வைத்த மாமனை வாடிக்கையாளருக்கு முன்னாலேயே கள்ளன் என்று கூப்பிட்ட மருமகனை எந்தக் கடை வைத்திருக்கும்? அதன்பிறகு அவருக்கு வாய்த்தது, தீவில் பிறந்த வேறெவருக்கும் வாய்க்காத ஓர் உத்தியோகம். அவர் மீனுக்குக் காவல்காரர் ஆனார்.

வெள்ளைக்காரர் மலைக்காட்டை வெட்டித் தேயிலை நட்டபின், குளிரில் அவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. தங்கள் ஊர் ஓடைகளில் வாழும் ட்றவுட் என்ற மீனின் முட்டைகளைக் கப்பலில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்டார்கள். மனிதரைக் கூலிக்கு இறக்கினார்கள். மீனை விளையாட்டுக்கு இறக்கினார்கள். வசதியான வீடு பார்த்துக் கொடுத்தது மீனுக்குத்தான். அந்த மீனைப் பிடிக்கும் உரிமை ஒரு கழகத்துக்கு இருந்தது. துரைமார் போனபின் உள்ளூர்த் துரைமார் கழகத்துக்கு வந்தார்கள். தொப்பி மாறவில்லை.

தியாகலிங்கத்தின் வேலை இரண்டு. களவாய் மீன் பிடிப்பவனைப் பிடிப்பது ஒன்று. ஆண்டுதோறும் தொட்டியில் வளர்த்த குஞ்சுகளை எந்த ஓடையில் விடலாம், எந்த ஓடை அவற்றைத் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது மற்றது. இதற்காக அவர் ஓடைக்குள் இறங்கமாட்டார். எதிர்மலையில் ஏறி நின்று, ஓடைக்கு மேலே இருக்கும் நிலத்தைப் பார்ப்பார். மேலே காடு நின்றால் தண்ணீர் குளிரும். மேலே உருளைக்கிழங்குத் தோட்டம் என்றால் மழைக்கு மண் கரைந்துவந்து அடியிலுள்ள கூழாங்கற்களை மூடும். கல்லுக்கிடையில் முட்டையிடும் மீனுக்கு அது சவக்குழி. ஓடை வளைந்து வளைந்து போனால் வளைவுதோறும் ஆழமான மடு இருக்கும். நேராய் ஓடினால் மீனுக்கு ஒதுங்க இடம் இருக்காது. நிழல், கல், குளிர், வளைவு, மேல்நிலம் என்று ஐந்து விடயம். ஒவ்வொன்றுக்கும் இருபது புள்ளி. ஐம்பதுக்குக் கீழே வந்த ஓடைக்குக் குஞ்சு கிடையாது. கழகத் தலைவர் வந்து கெஞ்சினாலும் கிடையாது.

இதெல்லாவற்றுக்கும் மேலே அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஓடையைக் கடும் வரட்சியில்தான் பார்க்க வேண்டும்.

"ஓடையை அதின்ரை ஆகக் கெட்ட மாதத்திலை பார்க்கோணும். நல்ல மாதத்திலை எல்லாரும் நல்லவைதான்" என்பார்.

மலையில் இது முழுக்க முழுக்கச் சரி. ட்றவுட் ஆண்டு முழுவதும் அதே தண்ணீரில் குடியிருக்கும் மீன். வரட்சியைத் தாங்காத ஓடையில் அது மாரியைக் காண உயிரோடு இருக்காது. இந்தச் சட்டத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தீவில் நடந்த கூத்துக்கு இதுதான் காரணம்.

ஆயுளின் பெரும்பாதி காவல் காத்த அந்த மீனில் ஒரு துண்டைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை. அது கழகத்தாரின் மீன்.

1983 ஆடிக் கலவரத்தில், கழகம் கொடுத்திருந்த அவருடைய குவாட்டஸ் வீட்டை எரித்தார்கள். எரிக்க வந்தவர்களில் ஒருவன், களவாய்த் தூண்டில் போட்டு அவரிடம் அகப்பட்டு, பிள்ளைகுட்டிக்காரன் என்று மன்னித்து விடப்பட்டவன். "அண்டைக்கு அவனைப் பொலிசிலை குடுத்திருக்கோணும்" என்று சாகும்வரை சொன்னார். அந்தக் கிழமை கழகத்தார் குஞ்சுத் தொட்டிகளுக்கு ஆள் போட்டுக் காவல் வைத்தார்கள். காவல்காரருக்குக் காவல் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தியாகலிங்கமும் மனைவி கமலாதேவியும் அகதிகளாய்க் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினார்கள். அவருடைய சட்டைப்பையில் பித்தளைக் கூட்டுக்குள் ஒரு தேமாமீற்றர் இருந்தது. தண்ணீரின் சூடு பார்க்கும் சாமான். வேறெதுவும் மிஞ்சவில்லை.

ஊர் வந்து சேர்ந்தால், ஊரில் ஓடை இல்லை. மலை இல்லை. குளிர் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் திரும்புகிற இடம்வரை தட்டையான நிலம். ஓடை பார்ப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர், ஓடையே இல்லாத தீவில் காலையில் எழும்பி என்ன செய்வார்? புள்ளி போட்டார். கிணற்றுக்குள் தேமாமீற்றரை விட்டு, "உது குளிக்கிற தண்ணியில்லை, அரிசி போடுற தண்ணி" என்று சொல்லிக் கிணற்றுக்காரரின் பகையைச் சம்பாதித்தார். சங்கக்கடைப் பாணுக்கு நூற்றுக்கு முப்பது. பூசகரின் குரலுக்கு நாற்பது. 

"இஞ்சேருங்கோ, என்ரை சொதிக்கும் புள்ளி போட்டியளெண்டா நாளைக்குக் குசினிக்குள்ளை நீங்கள்தான்" என்றார் கமலாதேவி. சொதி மட்டும் தப்பியது.

ஊர் சிரித்தது. ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்காத ஊரில் ஒரு மனிதர் ஓராண்டு இருந்தால் என்ன ஆவார் என்பதை அம்பலவாணர் நன்றாய் அறிந்திருந்தார்.

இனி அம்பலவாணரின் வேலி. அது நடக்கும் வேலி. ஆண்டுதோறும் கிடுகு மாற்றும்போது ஒரு முழம் வீதிப்பக்கமாய் நடந்துவிடும். அவருடைய தகப்பனார் காலத்தில் இரண்டு மாட்டுவண்டில் விலகிய வீதியில், 1984இல் இரண்டு சைக்கிள்காரர் சந்தித்தால் ஒருவர் இறங்கி வேலிக்கு மரியாதை செய்ய வேண்டும். அந்த நேரம் பார்த்து, வீதியை அகட்டித் தருகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. அகட்டினால் வேலி தன்னுடைய பழைய இடத்துக்குத் திரும்ப நடக்க வேண்டும். அம்பலவாணரின் வேலிக்கு முன்னுக்கு நடக்கத்தான் தெரியும்.

ஆகவே அவர் ஒரு புதுப்பாதை கண்டுபிடித்தார். பழைய வீதியை விட்டுவிட்டு, கோரையோடையின் குறுக்கே நேராய் ஒரு வீதி. 

கோரையோடை என்பது பெயருக்குத்தான் ஓடை. பத்து மாதம் வெடித்த களிமண். நடுத்தீவில் கோரைப்புல் முளைத்த பள்ளத்திலிருந்து கடற்கரைவரை வளைந்து கிடக்கும் ஒரு தாழ்வு. மாரி மழைக்கு மட்டும் பள்ளத்து நீர் அதன் வழியே கடலில் விழும். அது விழுகிற வாயில் வேதக்காரக் குடும்பங்கள் வலை கட்டுவார்கள். அல்போன்சம்மாவும் அவருடைய புருசன் அருளப்புவும் அவர்களில் ஒரு குடும்பம். கலங்கல் தண்ணீர் கடலில் கலந்ததும் அந்த வாயில் இறால் வந்து குவியும். மற்ற ஆண்டுகளில் அது மேலதிக வருமானம். 1984இல் அப்படியல்ல. ஆழக்கடலுக்குப் போகக்கூடாது என்று கடற்படையின் தடை. போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அருளப்புவின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அந்த மாரிக்கு அவர்களுடைய உலை கொதிப்பதற்கு ஓடை வாயைத் தவிர வேறு வழி இல்லை.

சங்கக் கூட்டத்தில் அருளப்பு எழும்பி இதைச் சொன்னார். அம்பலவாணர் மறுக்கவில்லை. மறுப்பது சிறு மனிதர் செய்யும் வேலை.

"நீர் சொல்லுறது ஞாயம். அப்ப நாங்கள் ஏன் சண்டை பிடிப்பான்? ஓடை பாக்கிறதுக்கெண்டே துரைமார் வைச்சிருந்த மனிசன் எங்கடை ஊரிலை இருக்கிறார். அவர் பாத்துச் சொல்லட்டும்."

தியாகலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓராண்டுக்குப் பிறகு ஒருவர் அவரிடம் ஒன்றைக் கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்காக அவர் கடலையும் ஓடை என்று சொல்லியிருப்பார், ஓடையையும் கடல் என்று சொல்லியிருப்பார் என்று நினைத்தால் அது தவறு. அவர் நேர்மையானவர். தன் முறைப்படியே பார்த்தார். கெடுத்தது அதுதான்.

ஆவணி மாதம். சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. எதிர்மலைக்கு எங்கே போவது? அவ்வட்டாரத்தில் உயரமானது வேதக்கோயில் மணிக்கோபுரம். அங்கே மணி அடிக்கிறவரும் அருளப்புதான். பட்டை திருநீற்றோடு தியாகலிங்கம் முன்னே ஏற, அருளப்பு பின்னே ஏறினார். கீழே அம்பலவாணர் குடையோடு நின்றார். அல்போன்சம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"நிழல் எங்கை?" என்றார் தியாகலிங்கம்.

"பனை நிக்குது, அண்ணை."

"பனையின்ரை நிழல் பனைக்கே காணாது. நிழல் பூச்சியம். கல்?"

"களி."

"கல் பூச்சியம். தண்ணி?"

"இப்ப ஏதண்ணை தண்ணி?"

"குளிர் பூச்சியம். சரி, ஓடைக்கு மேலை இருக்கிற நிலம் எது?"

அருளப்பு நாலுபக்கமும் பார்த்தார். எல்லாம் ஒரே மட்டம். "எது மேலை, எது கீழையெண்டு மழை வந்தாத்தான் தெரியும். கார்த்திகையிலை ஒருக்கா ஏறிப் பாருங்கோவன்."

"கார்த்திகையிலை மாட்டுக்குளம்படியும் ஓடைதான்! ஆகக் கெட்ட மாதத்திலை பார்க்கோணும். உங்களுக்கு உது விளங்காது."

கீழேயிருந்து அல்போன்சம்மா கத்தினார். "அண்ணை! ஏன் வருகுதெண்டு எங்களுக்குத் தெரியாது. ஆனா வருகுது! கலங்கல் விழ விழ வருகுது!"

"என்ன சொல்லுறாள்?" என்றார் தியாகலிங்கம். காற்று இரைந்தது.

"வருகுதாம்" என்றார் அருளப்பு.

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுவினம்."

ஐந்து விடயத்தில் வளைவுக்கு மட்டும் ஏழு புள்ளி கொடுத்தார். கோரையோடை நூற்றுக்கு ஏழு. இறங்கிவந்து, "இது செத்த ஓடை. இதிலை ஒரு சீவனும் இருக்கேலாது" என்று தீர்ப்புச் சொன்னார். தன் வாழ்நாளில் ஓர் ஓடைக்கு அவர் கொடுத்த ஆகக் குறைந்த புள்ளி அது. அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

வீதி போட்டார்கள். களிமண்ணும் முருகைக்கல்லும் கொட்டி, ஓடையின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில். தண்ணீர் போக ஒரு மதகு வைப்பதா என்று வீதி வேலையை மேற்பார்த்த ஓவசியர் கேட்டார். செத்த ஓடைக்கு மதகு ஏன் என்றார் அம்பலவாணர். மதகுக்கு வந்த சீமெந்தைக் குழைத்து வீதியோரம் ஒரு பீடம் கட்டினார்கள். பீடத்தில் ஒரு கல். கல்லில் தலைவர் அம்பலவாணரின் பெயர். அதற்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், "ஓடை நிபுணர் இ. தியாகலிங்கம்." திறப்புவிழாவன்று அந்தக் கல்லை அவர் மூன்று கோணத்தில் நின்று பார்த்ததாய்ச் சொல்கிறார்கள். வேலி அசையாமல் நின்றது. இனி அது நிம்மதியாய் நடக்கலாம்.

கார்த்திகையில் மழை பிடித்தது. வாடைக்காற்றோடு விடாமல் கொட்டிய மழை. கோரைப்பள்ளம் நிரம்பியது. ஓடை வழியே வந்த தண்ணீர் வீதியில் முட்டி நின்றது. வீதிக்கு இந்தப்பக்கம் குளம். அந்தப்பக்கம் கடற்கரைவரை ஈரக் களி. பள்ளத்தோரம் இருந்த அம்பலவாணரின் நெல்லும் நுனி மட்டும் தெரியத் தண்ணீரில் நின்றது. அவர் வாய் திறக்கவில்லை. ஒரு போக நெல் போனால் அடுத்த போகம் வரும். வேலி போனால் வருமா?

ஒரு காலையில் அல்போன்சம்மா தோளில் வலையோடு தியாகலிங்கத்தின் படலையில் வந்து நின்றார்.

"என்ன அல்போன்சம்மா, உந்த மழைக்குள்ளை?" என்றார் கமலாதேவி.

"இல்லையக்கா, உங்கடை அவருக்கு ஒரு சாமான் காட்ட வந்தனான்."

தியாகலிங்கம் வெளியே வந்தார். அல்போன்சம்மா முற்றத்தில் வலையை உதறி விரித்தார். வலையில் ஒன்றுமே இல்லை.

"நிபுணர் அண்ணை, ஏழு புள்ளி எண்டு சொன்னனீங்களெல்லே. அந்த ஏழிலை ஒண்டை எடுத்துத் தாங்கோ. பிள்ளையளுக்கு அவிச்சுக் குடுப்பம்."

தியாகலிங்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன கதை கதைக்கிறாய்? அண்டைக்கு உனக்கு வாய் இருந்ததுதானே? விளங்கச் சொல்லியிருக்கலாமெல்லே?"

"சொன்னனான். நீங்கள் மேலை நிண்டனீங்கள். கீழை கதைக்கிறது உங்களுக்குக் கேக்கேல்லையாக்கும்." வலையைச் சுருட்டித் தோளில் போட்டார். "வீட்டிலை மூண்டு நாளாப் பாணும் சம்பலும். நாளைக்குப் பாணுமில்லை. அதையும் உங்கடை கல்லிலை ஒரு ஓரமா வெட்டி விடுங்கோ."

தியாகலிங்கம் குடையும் எடுக்காமல் வீதிக்குப் போனார். தான் சொன்னதே சரி என்று நிறுவத்தான் போனார். அதில் சந்தேகம் வேண்டாம். கடற்பக்கமாய் இறங்கி, வீதியின் அடியில் குனிந்து பார்த்தார். கல்லுக்கிடையால் விரலளவு தண்ணீர் கசிந்து ஒரு சின்னக் குட்டையாய்த் தேங்கியிருந்தது. குட்டைக்குள் ஊசிபோலக் கடல்மீன் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில். முதல்நாள் கடல்பெருக்கோடு ஏறிவந்தவை. அத்தனையும் ஒரே பக்கமாய்த் திரும்பி, கசிவுக்கு முகம் காட்டி, மூக்கைக் கல்லில் இடித்துக்கொண்டு நின்றன.

இதை அவர் மலையில் ஆயிரம்தரம் பார்த்திருக்கிறார். வருகிற தண்ணீருக்கு முகம் கொடுத்து நிற்கும் மீன், மேலே போகக் கேட்கிறது. பித்தளைக் கூட்டைத் திறந்து தேமாமீற்றரைத் தண்ணீரில் விட்டார். அந்தச் சூட்டில் ட்றவுட் என்றால் வயிறு தெரிய மிதக்கும். இவை துள்ளின.

அவர் அப்படியே சேற்றில் குந்திவிட்டார். மலையில் மீன் குடியிருக்கும். இங்கே அது விருந்துக்கு வரும். குஞ்சுகள் கோரைக்குள் ஏறித் தின்னும். கலங்கலைத் தேடிக் கடலிலிருந்து இறால் வாய்க்கு வரும். மழை முடிய எல்லாம் போய்விடும். ஆண்டில் இரண்டு மாதம் விருந்தாளி வரும் வீட்டை, ஒருவரும் வராத மாதத்தில் வந்து பார்த்து, ஆளில்லாத வீடு என்று தீர்ப்பெழுதிக் கதவையும் அடைத்தாயிற்று.

அன்று பின்னேரமே சங்கத்தைக் கூட்டச் சொன்னார். பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினார்கள். அம்பலவாணர் நடுக்கதிரையில் இருந்தார். அருகில் செயலாளர் அப்புத்துரை.

"நான் சொன்னது பிழை" என்றார் தியாகலிங்கம். "முழுப்பிழை. வீதியை வெட்டி மதகு வையுங்கோ. இண்டைக்கே."

மண்டபம் திகைத்தது. நம் ஊரில் ஒருவர் எழும்பி நான் சொன்னது பிழை என்று சொன்னதை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தலைவருக்குத் தெரிந்தது.

"தியாகலிங்கம், நீர் அண்டைக்குச் சொன்னது பிழையெண்டா, இண்டைக்குச் சொல்லுறதும் பிழையா இருக்கலாம்தானே?"

"அண்டைக்கு நான் கோடையிலை பாத்தனான்!"

"கோடையிலைதான் பாக்கோணுமெண்டு நீர்தானே காணும் சொன்னனீர்?"

"அது மலைக்கு!"

"எங்களுக்கு மலை தெரியாது. நிபுணரைத்தான் தெரியும். நிபுணர் தந்த முடிவை ஊர் ஏற்றுக்கொண்டுட்டுது. கல்லிலையும் வெட்டியாச்சு."

அப்புத்துரை எழும்பினார். "இப்ப நாங்கள் மாத்தினா உம்மடை பேரெல்லே கெடும்? உம்மடை மரியாதையைக் காப்பாத்திறது எங்கடை கடமை."

"எனக்கு மரியாதை வேண்டாம்!"

"அதை நீர் எப்பிடிச் சொல்லேலும்?" என்றார் அம்பலவாணர் மிகுந்த அன்போடு. "அது ஊர் தந்தது."

தீர்மானம் நிறைவேறியது. தியாகலிங்கத்தின் நிபுணத்துவத்தைத் தியாகலிங்கம் உட்பட யாரும் குறைகூற அனுமதிப்பதில்லை. கைதட்டினார்கள். அவர் ஓராண்டாய்க் கேட்டுக்கொண்டிருந்த மரியாதையை, கழற்ற முடியாதபடி அவருக்கு உடுத்திவிட்டார்கள். பத்தாண்டு கழித்து நினைவு மலரில் வந்திருப்பதும் அதே உடுப்புத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முழுகி, திருநீறு பூசி, மண்வெட்டியும் கல் பெயர்க்கும் அலவாங்குமாய்த் தியாகலிங்கம் வீதிக்கு வந்தார். நல்ல வெளிச்சம், மழை தூறிக்கொண்டிருந்தது. அருளப்புவும் இன்னும் இரண்டுபேரும் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள்.

"கிட்ட வராதையுங்கோ!" என்று கத்தினார். "நீங்கள் வெட்டினா உங்களைப் பொலிசிலை குடுப்பினம். நான் வெட்டினா நிபுணர் வெட்டுறார். ஆர் என்ன செய்யிறது? தீர்மானமெல்லே போட்டிருக்கினம்!"

பீடத்துக்குப் பக்கத்தில்தான் வெட்டத் தொடங்கினார். ஓடையின் பழைய அடி அங்கேதான் இருந்தது. புதுவீதி, இறுகாத களி. பாதி வெட்டும்போதே தண்ணீர் மீதியைத் தானே அரிக்கத் தொடங்கியது. பீடம் சரிந்தது. கல் நழுவி, வெட்டின் நடுவில் மல்லாந்து விழுந்தது. அவர் மண்வெட்டியை எறிந்துவிட்டு அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்து பாய்ந்தது.

அம்பலவாணர் குடையோடு வந்தார். பின்னால் அப்புத்துரை. அவர்களுக்குப் பின்னால் ஊர்.

"என்ன காணும் இது? பொதுச் சொத்தெல்லே!"

"ஓம். தண்ணியும் பொதுச் சொத்துத்தான்."

"தண்ணி மேலை நிண்டா உமக்கென்ன கரைச்சல்?"

"உம்மடை நெல்லுக்குள்ளையும்தானே நிக்குது?"

"என்ரை நெல்லு. அழுகினா நான் பாக்கிறன்."

"வேலி?"

"வேலிக்கு என்ன?"

"அது அழுகேல்லைத்தானே? சுகமா நிக்குதோ?"

பின்னால் நின்ற ஊர் சிரித்தது. இந்தமுறை சிரிப்பு மற்றப் பக்கம் போயிற்று. அம்பலவாணர் குடையை வெட்டுக்கு நேரே நீட்டினார். வெட்டை மூடுங்கோ என்று சத்தம் போட்டார். ஆள் இருக்கிற கிடங்கை மூடுவதற்குச் சங்கத்தில் அதுவரை தீர்மானம் இருக்கவில்லை. ஒருவரும் அசையவில்லை.

அந்த வெட்டு, தொண்ணூற்றொன்றில் ஆமி தீவைப் பிடிக்க நாங்கள் ஓடிவரும்வரை அப்படியே இருந்தது. மேலே பனங்குற்றி போட்டு நடந்தோம். நினைவு மலர் சொல்கிற, அவர் தந்த பாதை அதுதான். பாசையூரில் ஒரு கொட்டிலில் இருக்கும் அல்போன்சம்மா செத்தவீட்டுக்கு வந்து கமலாதேவிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருந்தார். அவருக்கு அந்தத் தடித்த தாளில் ஒரு வரி இல்லை. இனி நான் சொல்வது அவர் சொன்னது.

மத்தியானத்துக்குள் கலங்கல் கடலில் விழுந்தது. பின்னேரம் அல்போன்சம்மா வாயில் கட்டிய வலை கனத்தது. ஒரு பனையோலைப் பெட்டியில் இரண்டு கை இறாலை அள்ளிக்கொண்டு வெட்டுக்கு வந்தார். தியாகலிங்கம் அப்போதும் கல்லின்மேல்தான் இருந்தார். எழும்பினால் மூடிவிடுவார்கள் என்று சோற்றுக்கும் போகவில்லை. கமலாதேவி கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இதைக் கொண்டுபோய்..."

"ஐயோ, வெள்ளிக்கிழமை!" என்றார் கமலாதேவி.

அல்போன்சம்மா சிரித்தார். பெட்டியைக் கரையில் வைத்துவிட்டு, வெட்டுக்குள் குனிந்து கேட்டார்.

"அண்ணை, இப்ப எத்தினை புள்ளி?"

தியாகலிங்கம் தண்ணீருக்குள் கிடந்த தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து ஊசிபோலக் குஞ்சுகள் ஏறி வந்துகொண்டிருந்தன. அவருடைய கணுக்காலில் முட்டுவதும் விலகுவதும் மறுபடி முட்டுவதுமாய் நின்றன. அவர் மெதுவாய் ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றக் காலையும் தூக்கினார். இரண்டையும் தன் பெயர் வெட்டியிருந்த இடத்தின்மேல் வைத்துக்கொண்டார்.

"சத்தம் போடாதை, பிள்ளை" என்றார். "போகட்டும்."